தறிக்கூடம் வரை கேபிள் இழுக்கும் முன்...

காஞ்சிபுரத்தில் முன்னால் வீடு, பின்னால் தறிக்கூடம் என்று நீண்டு கிடக்கும் மனைகள் பல உண்டு. வாசல் ரவுட்டரின் வைஃபை பின்கட்டுக்கு எட்டாது. பட்டும் ஜரிகையும் இருக்கும் இடம் என்பதால் கேமராவும் தேவை. எனவே மொட்டை மாடி வழியாக ஒரு கேபிளை இழுத்துவிடுகிறோம். ஐப்பசி மழையில் இடி இடித்த மறுநாள் கேமராவும் ரவுட்டரும் சேர்ந்தே பழுதாகின்றன. உயிருக்கே ஆபத்தாகும் தவறுகளும் இதில் உண்டு.

மின்சாரம் ஏன் குறைகிறது?

12 வோல்ட்டில் 1 ஆம்பியர் இழுக்கும் கேமரா 50 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போக வர 100 மீட்டர். அதன் மின்தடை சுமார் 3.4 ஓம். வழியிலேயே 3.4 வோல்ட் போய்விடும்; கேமராவுக்குக் கிடைப்பது 8.6 வோல்ட்தான். இரவு விளக்கு எரிந்ததும் கேமரா நின்று நின்று ஓட இதுவும் ஒரு காரணம்.

அதே 12 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் கால் ஆம்பியர் போதும். இழப்பு 1 வோல்ட்டுக்கும் குறைவு. லேன் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் 'பிஓஇ' முறையின் அடிப்படை இதுவே. தரமான பிஓஇ ஸ்விட்ச், எதிர்முனைக் கருவியைச் சோதித்த பிறகே மின்சாரம் விடும். மலிவான சில இன்ஜெக்டர்களில் அந்தச் சோதனை இல்லை. லேன் கேபிளின் எல்லை 100 மீட்டர். செம்புப் பூச்சிட்ட அலுமினியக் கேபிள் வேண்டாம். முழுச் செம்பே வாங்குங்கள்.

எர்த் ஏன் முக்கியம்?

இரு கட்டடங்களுக்குத் தனித்தனி எர்த் இருந்தால், அருகில் மின்னல் விழும்போது அவற்றுக்கிடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு வரலாம். லேன் கருவிகளின் உட்காப்பு 1500 வோல்ட்டுக்குத்தான் சோதிக்கப்படுகிறது. அதற்கு மேல் போனால் செம்புக் கேபிளே மின்னலுக்குப் பாதையாகிவிடும்.

எனவே ஒரே கட்டடத்துக்குள் என்றால் பிஓஇ போதும். கட்டடம் விட்டுக் கட்டடம் என்றால் ஃபைபர் கேபிளே பாதுகாப்பு. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் சில ஃபைபர்களில் தாங்குவதற்கு இரும்புக் கம்பி இருக்கும்; அது இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். தறிக்கூடத்துக் கருவிக்கு அங்குள்ள எர்த்துடன் கூடிய மூன்று பின் சாக்கெட்டிலிருந்தே மின்சாரம் எடுங்கள்.

செம்புக் கேபிள்தான் வழி என்றால் இரு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர் வையுங்கள். அதை அந்தந்தக் கட்டடத்தின் எர்த்தோடு குட்டையான, தடித்த கம்பியால் இணைக்க வேண்டும். எர்த் இல்லாத சர்ஜ் புரொடெக்டர் வெறும் பெட்டிதான். கேமராவுக்கென்று தனியே ஒரு கம்பியை மண்ணில் அடிப்பதும் தவறு. அது இன்னொரு வேறுபாட்டையே உண்டாக்கும்.

செய்யக் கூடாதவை

230 வோல்ட் கம்பியையும் லேன் கேபிளையும் சேர்த்துக் கட்டாதீர்கள். உறை தேய்ந்தால் கேமராவின் உலோக உடலிலேயே மின்சாரம் ஏறும். அடாப்டரை மழையில் தொங்கவிடாதீர்கள். எர்த் பின்னை உடைக்காதீர்கள். குழித்தறியில் ஈர மண்ணில் கால் வைத்து அமர்பவருக்குச் சிறு கசிவும் ஆபத்து. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அங்கே அவசியம். அதன் டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள்.

இந்த மழைக்காலத்துக்கு முன்பே உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த்தைச் சோதித்துவிடுவோம். கருவி போனால் வாங்கிக்கொள்ளலாம், உயிர் அப்படியல்ல. முன்கூட்டியே கவனித்தால் பெரும்பாலான விபத்துகளைத் தவிர்க்கலாம், இன்ஷா அல்லாஹ்.