கோல்ஃப் மட்டைக்கு மூப்பு எங்கே தொடங்குகிறது?

உடையப்போகிற கோல்ஃப் மட்டைதான் பல சமயம் அதிக தூரம் அடிக்கிறது. நம்ப முடியாவிட்டாலும், உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் இதனாலேயே வம்பில் மாட்டியிருக்கிறார்கள். 2019இல் வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷ் திடலில் ஓப்பன் போட்டி நடந்தபோது, அமெரிக்கரான ஸாண்டர் ஷாஃபிலியின் ட்ரைவர், அதாவது நெடுந்தூரம் அடிக்கும் மட்டை, சோதனையில் தேறவில்லை. 2025 மே மாதம் பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ரோரி மெக்கில்ராய், ஸ்காட்டி ஷெஃப்லர் இருவரின் ட்ரைவருக்கும் அதே கதி. ஷெஃப்லர் மாற்று ட்ரைவரோடு போய்க் கோப்பையையே வென்றுவிட்டார் என்பது வேறு விஷயம். இவர்கள் யாரும் கள்ள மட்டை கொண்டுவந்தவர்கள் அல்ல. வாங்கியபோது விதிக்குள் இருந்த மட்டைகள்தான். அடி வாங்கி வாங்கியே விதியைத் தாண்டிவிட்டன.

ட்ரைவரின் முகம் சில மில்லிமீட்டர் கனமுள்ள டைட்டானியத் தகடு. 46 கிராமுக்கும் சற்றுக் குறைவான பந்து அதில் பட்டு விலக ஏறக்குறைய அரை மில்லி விநாடிதான் ஆகிறது. அந்த இமைப்பொழுதில் தகடு மிருதங்கத் தோல்போல உள்வாங்கி, திரும்ப எழுந்து பந்தை உந்துகிறது. மோதிய வேகத்தில் 83 சதவீதத்துக்கு மேல் விலகும் வேகம் இருக்கக் கூடாது என்பது கோல்ஃப் விதி. திடலிலேயே அதை அளக்க ஒரு சிறிய ஊசல் வைத்திருக்கிறார்கள். ஊசலின் குண்டு முகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்துக்கு வரம்பு 239 மைக்ரோ விநாடி; சலுகையாக இன்னும் 18. அதற்கு மேல் போனால் முகம் அளவுக்கு மீறித் துள்ளுகிறது என்று அர்த்தம். ஆயிரக்கணக்கான அடிகளில் தகட்டின் விறைப்பு தளரத் தளர, இந்த நேரம் மெல்ல நீள்கிறது. ஒருநாள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடுகிறது. அதோடு மட்டையின் கதை முடிந்தது.

நமக்கெல்லாம் இந்தக் கவலை வேண்டாம். தொழில்முறை ஆட்டக்காரரின் மட்டைத் தலை மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டிப் பாய்கிறது. நாள் முழுக்கப் பயிற்சி வேறு. ஞாயிறு காலையில் பினாங்கின் புக்கிட் ஜம்புல் ஏறிப் போய் ஆடுகிறவர், அந்த வேகத்தை நெருங்குவதே அரிது. ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் ஜூனியர் வடிவமைத்த மலைத்திடல் அது. ஒரு பக்கம் காடு, இன்னொரு பக்கம் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை, அதற்கப்பால் கடல். அங்கே ஓயாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். மட்டையை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

விற்பவரைக் கேட்டால் வருடா வருடம் என்பார். இயற்பியலைக் கேட்டால் பதில் வேறு. 83 சதவீதம் என்ற உச்சவரம்பு இருப்பதால், நடுமுகத்தில் சரியாக அடிபட்ட பந்து பத்து வருடப் பழைய நல்ல ட்ரைவரிலிருந்தும் புது ட்ரைவரிலிருந்தும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான் போகும். தலையின் பருமன் 460 கன செண்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது இன்னொரு வேலி. புது மாடல்கள் முன்னேறியிருப்பது, ஓரத்தில் பட்ட அடியை மன்னிப்பதில்தான். அது உண்மையான முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆரவாரத்துக்கு அது ஈடாகாது.

பினாங்குத் தீவில் மட்டையைத் தின்பவை வேறு. பகலில் 31, 32 டிகிரி, காற்றில் எப்போதும் 80 சதவீதத்தை ஒட்டிய ஈரம், சுற்றிலும் உப்புக்கடல். உப்பிலும் வியர்வையிலும் இருக்கும் குளோரைடு, குரோமிய முலாமில் ஊசித்துளை கிடைத்தால் அதன் வழியே இறங்கி அடியிலுள்ள எஃகை அரிக்கிறது. இரும்பு மட்டையின் தலையில் தெரியும் துரு பெரும்பாலும் அழகைத்தான் கெடுக்கும். தண்டுக்குள் தண்ணீர் தங்கித் துருப்பிடித்தால்தான் ஆபத்து. டைட்டானியத்தை உப்புக்காற்று தொடுவதே இல்லை.

பங்கர் என்ற மணற்குழியில் வேலை செய்யும் வெட்ஜ் மட்டை நிஜமாகவே தேய்கிறது. மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். வெட்ஜின் எஃகைவிடக் கடினமானது. ஒவ்வொரு மணல் அடியும் முகத்தின் காடிகளை அரம் கொண்டு ராவுகிறது. காடியின் ஆழம் அரை மில்லிமீட்டர்தான். ஈரப்புல்லின் சாறும் மழைநீரும் ஒதுங்க அந்த இடம் இல்லாவிட்டால் பந்து முகத்தில் வழுக்கி, சுழற்சி இல்லாமல் பறந்து, குழியுள்ள பச்சைத் தரையில் விழுந்தும் நிற்காமல் ஓடுகிறது. 75 ஆட்டங்களுக்குப் பிறகு சுழற்சி குறைவது தெரியும் என்கிறது வோக்கி வெட்ஜைச் செய்யும் டைட்டலிஸ்ட் நிறுவனம். விற்பவர் கணக்குதான் என்றாலும், வருடத்தில் பாதி நாள் புல் நனைந்திருக்கும் ஊரில் அதை ஒதுக்கிவிட முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் மூப்படைவது தலையும் அல்ல, தண்டும் அல்ல. கை பிடிக்கும் ரப்பர். இதைப் பினாங்கில் இருந்து சொல்வதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

மலாயாக் காடுகளில் தபான் என்றொரு மரம் உண்டு. அதன் பாலில் கிடைக்கும் கட்டா பெர்ச்சாவை 1843இல் சிங்கப்பூரிலிருந்து வில்லியம் மாண்ட்காமரி என்ற மருத்துவர் லண்டனுக்கு அனுப்பினார். சுடுநீரில் இளகும், ஆறினால் கல்லாக இறுகும். 1848 வாக்கில் ஸ்காட்லாந்தில் அதை உருட்டிக் கோல்ஃப் பந்தாக்கிவிட்டார்கள். அதுவரை பந்து என்றால் தோலுறைக்குள் இறகு திணித்தது. மழையில் நனைந்தால் பிய்ந்துபோகும். புதுப் பந்தின் கடினத்தை அன்றைய ஒல்லி மூக்கு மரமட்டைகள் தாங்கவில்லை, பிளந்தன. மட்டைக்காரர்கள் தலையைக் குட்டையாகவும் தடிமனாகவும் செதுக்கி, முகத்தில் தோல் பதித்தார்கள். இறகுப் பந்தைக் கிழித்துவிடும் என்று ஒதுக்கியிருந்த இரும்பு மட்டைகளும் தாராளமாக வெளியே வந்தன. கூட்டம் கூட்டமாக மட்டை மாற்றிய அந்தக் காலத்துக்குக் காரணம் எந்த விளம்பரமும் இல்லை, நம் பக்கத்துக் காட்டு மரம்.

கட்டா பெர்ச்சாவும் ரப்பரும் வேதியியலில் ஒரே சரக்கு. ஐசோப்ரீன் என்ற ஒரே கண்ணி, வரிசையாகக் கோத்த சங்கிலி. கண்ணிகள் எந்தப் பக்கம் வளைந்து சேர்கின்றன என்பது மட்டுமே வித்தியாசம். ஒரு விதமாக வளைந்தால் கல், மறு விதமாக வளைந்தால் மீள்மம்.

அந்த மீள்மத்துக்காகத்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம்மவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். புக்கிட் ஜம்புலுக்குக் கிழக்கே, சில கிலோமீட்டரில், கடலில் கிடக்கும் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் கிடந்துவிட்டுத் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். விடியுமுன் பால்மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து, அமிலம் விட்டு உறையவைத்து, ஷீட்டாக அழுத்திப் புகைக்கூட்டில் தொங்கவிட்டார்கள். வெயிலில் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடுமே என்று யாரும் போட மாட்டார்கள். வெயில் பட்ட ஷீட் பிசுபிசுத்துப் பாழாகும் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம்.

காரணம் அந்தச் சங்கிலியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு. ஆக்சிஜனும் ஓசோனும் கைவைக்க வசதியான இடம். வெயிலும் வெப்பமும் அந்தத் தாக்குதலைத் துரிதப்படுத்துகின்றன. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் நெடுநாள் தாக்குப்பிடிக்கும், ஆனால் விலக்கு இல்லை. மட்டையின் பிடி தண்டின்மேல் சற்று இழுபட்ட நிலையிலேயே மாட்டப்படுகிறது. இழுபட்ட ரப்பரைத்தான் ஓசோன் முதலில் கீறும். உள்ளங்கை எண்ணெயும் வியர்வையும் சன்ஸ்க்ரீனும் மேலே படிகின்றன. மதிய வெயிலில் கார் பூட்டுக்குள் கிடக்கும் மட்டைக்கு அந்த வெப்பமும் சேர்கிறது. தலையைத் தண்டோடு ஒட்டியிருக்கும் எப்பாக்ஸிப் பசைக்கும் அது ஆகாது.

கெட்டியாகிப் பளபளக்கும் பிடி வழுக்கும். வழுக்கினால் கை தானாக இறுக்கிப் பிடிக்கும். முன்கை விறைத்தால் மணிக்கட்டு சுழலாது. வேகம் குறையும், வலக்கைக்காரரின் பந்து வலப்பக்கம் ஒதுங்கும். ஆட்டக்காரர் உடனே ட்ரைவர் பழசாகிவிட்டது என்று முடிவுகட்டிக் கடைக்குப் போகிறார். புது மட்டையில் புதுப் பிடி இருக்கும்; பந்து நேராகப் போகும்; பாராட்டு டைட்டானியத்துக்குப் போய்ச் சேரும்!

பிடி மாற்றுவதை ஒருமுறை நின்று பாருங்கள். கொக்கி பிளேடால் பழைய ரப்பரை நெடுகக் கீறி உரிப்பார்கள். தண்டில் ஒட்டியிருக்கும் பழைய டேப்பைச் சுரண்டி, புது இருபக்கப் பசை டேப்பைச் சுற்றுவார்கள். புதுப் பிடியின் நுனித் துளையைக் கட்டைவிரலால் அடைத்து, உள்ளே கரைப்பானை ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின்மேல் வழியவிட்டு, பசை வழுக்கலாக இருக்கும் சில விநாடிகளுக்குள் ஒரே தள்ளாகத் தள்ளி, கோடு நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்துத் திருகி நிறுத்துவார்கள். தயங்கினால் பாதியில் பிடித்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் ஆடத் தயார். ஒரு செட்டின் எல்லாப் பிடிகளையும் மாற்றினாலும் ஒரு புது ட்ரைவரின் விலையைத் தொடாது.

நாற்பது ஆட்டத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை மாற்றுங்கள் என்பது பிடி தயாரிப்பாளர்களின் பேச்சு. நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அது மிகையல்ல. ஆட்டம் முடிந்ததும் சோப்புநீரில் துடைத்து, நிழலில் உலர்த்தினால் இன்னும் கொஞ்சம் நாள் உழைக்கும். ட்ரைவரை மாற்றச் சரியான காரணம் இரண்டுதான்: முகத்தில் விரிசல், அல்லது உங்கள் உடம்பில் மாற்றம். அறுபதைத் தாண்டி வேகம் குறைந்தவருக்கு இலேசான கிராஃபைட் தண்டு நிஜமாகவே உதவும்.

பழைய செட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தலையின் பளபளப்பில் மயங்க வேண்டாம். முதலில் பிடியை நகத்தால் அழுத்துங்கள்; நகம் பதியாவிட்டால் எல்லாப் பிடிகளின் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். பிறகு தலையையும் தண்டையும் எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். சிறிது அசைந்தாலும் வாங்காதீர்கள்.