தலைப்பிரட்டையின் வால் எங்கே போகிறது?

ஐப்பசி மழையில் திருவண்ணாமலை மலையடிவாரப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கினால் போதும், தலைப்பிரட்டைகள் நெளியத் தொடங்கிவிடும். முதலில் பின்னங்கால், அடுத்து முன்னங்கால். கடைசியில் வால் மறையும். அது உதிர்ந்து விழுவதில்லை. வாலின் செல்கள் தாமே மடிந்து கரைய, அந்தச் சத்தை உடலே எடுத்துக்கொள்கிறது.

உத்தரவு போடுவது தைராய்டு சுரப்பி.

1912இல் குடர்நாட்ச் என்ற விஞ்ஞானி தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டைத் தீனியாகக் கொடுத்தார். உரிய வளர்ச்சி வருமுன்பே அவை பொடித் தவளைகளாக மாறத் தொடங்கின. சுரப்பியை நீக்கினாலோ, தலைப்பிரட்டை தலைப்பிரட்டையாகவே பெருத்துக்கொண்டு போகும். வியப்பு என்னவென்றால், காலை வளர்ப்பதும் வாலை அழிப்பதும் ஒரே ஹார்மோன்தான். எந்தச் செல் எப்படிக் கேட்கிறது என்பதில்தான் வேறுபாடு.

பள்ளம் வற்றினால்? மூளை அவசரச் செய்தி அனுப்ப, தைராய்டு ஹார்மோனோடு கார்ட்டிகோஸ்டீரோன் என்ற அழுத்த ஹார்மோனும் கூடி மாற்றத்தை விரைவுபடுத்தும். பல இனங்களில் அப்படி முந்திக் கரையேறும் தவளைகள் உருவில் சிறியவை.