ஆறிய கீறல் மீண்டும் கிழிவதேன்?

குழந்தையின் நகம் கண்ணில் கீறிவிடுகிறது. இரண்டு, மூன்று நாட்களில் வலி நீங்கிவிடுகிறது. சில மாதங்கள் கழித்து, ஒருநாள் விடியற்காலையில் கண்ணைத் திறந்ததும் மீண்டும் அதே வலி! ஏன்?

கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடிபோல் அமைந்தது கார்னியா. அதன் மேல்தோலின் தடிமன் ஏறத்தாழ 0.05 மி.மீ. தான். கீறல் விழுந்தால் அக்கம்பக்கத்துச் செல்கள் நகர்ந்து வந்து அவ்விடத்தை விரைவில் மூடிவிடும். ஆனால் அவை அடித்தளத்துடன் உறுதியாக ஒட்டிக்கொள்ளப் பல வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். உறங்கும்போது கண்ணீர் ஆவியாவதில்லை; கார்னியா நீரேறிச் சற்றே உப்புகிறது. இமை அதனுடன் ஒட்டிக்கொள்கிறது. விழித்ததும் இமை உயர, சரியாக ஒட்டாத தோலும் உரிந்து வருகிறது.

மருத்துவர் முதலில் தருவது என்ன தெரியுமா? பலருக்கும் நம் சாப்பாட்டு உப்புதான்! படுக்குமுன் இடும் 5 சதவீத உப்புக் களிம்பு, சவ்வூடு பரவலால் கார்னியாவின் நீரை வெளியே இழுக்கிறது. உருளைக்கிழங்கில் நீங்கள் செய்து பார்த்த அதே சோதனை! (வீட்டு உப்பைக் கரைத்துக் கண்ணில் விட்டுக்கொள்ளாதீர்கள்.) குணமாகாவிட்டால், கட்டுப் போடுவதுபோல் மெல்லிய கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவார்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் எக்ஸைமர் லேசர். இதன் அலைநீளம் 193 நானோமீட்டர்; ஒரு போட்டானின் ஆற்றல் 6.4 எலெக்ட்ரான் வோல்ட். கார்பன் அணுக்களின் பிணைப்பை அறுக்க இது தாராளம். எனவே சுற்றுப்புறம் வேகாமல், திசு மட்டும் துல்லியமாகச் சீவப்படுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி சீனிவாசன், 1981-இல் அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் தோழர்களுடன் கண்டறிந்த உண்மை இது. 1983-இல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கலுடன் சேர்ந்து கார்னியாவிலும் இதைக் காட்டினார்.

தளர்ந்த தோலை அகற்றிவிட்டு, அடித்தளத்தில் சில மைக்ரான் மட்டும் லேசரால் சீவுகிறார்கள். புதிய தோல் அங்கே நன்கு பற்றி வளர்கிறது. சிலருக்கு இதன் பின்னும் தொல்லை திரும்புவதுண்டு.