விழுங்கிய கூர்பொருளால் ஏற்படும் முதுகெலும்புத் தொற்று

மீன்முள், கோழி எலும்புத் துண்டு, ஊசி, குண்டூசி போன்ற கூரிய பொருள்கள் விழுங்கப்படும்போது தொண்டையையோ உணவுக்குழாயையோ துளைத்து, அதன் பின்னால் உள்ள முதுகெலும்பில் தொற்றை உண்டாக்குவது ஓர் அரிய, ஆனால் கடுமையான பின்விளைவாகும். விழுங்கப்படும் பொருள்களில் பெரும்பாலானவை தாமாகவே குடலைக் கடந்து வெளியேறிவிடுகின்றன. முதுகெலும்பைத் தொற்று எட்டிவிட்டால் கைகால்கள் செயலிழக்கவும் உயிரிழப்பு நேரவும் கூடும்.

தொற்று பரவும் வழி

ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாய், ஆறாவது கழுத்து முள்ளெலும்பின் மட்டத்தில் தொடங்குகிறது. அதன் மிகக் குறுகலான இடம் இத்தொடக்கமே என்பதால் பொருள்கள் பெரும்பாலும் இங்கேயே சிக்குகின்றன. குழாயின் பின்சுவருக்கும் முள்ளெலும்புகளுக்கும் நடுவே மெல்லிய தசைகளும் திசுப் படலங்களும் மட்டுமே உள்ளன. முள் குத்திய வழியாக வாயிலுள்ள பாக்டீரியாக்கள் பின்னோக்கிச் சென்று, முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டை அடைகின்றன. பெரியவர்களில் இவ்வட்டுக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவு. எனவே வெள்ளணுக்களும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளும் அங்கு எளிதில் சென்று சேர்வதில்லை. தொற்று அடுத்துள்ள எலும்புகளை அரித்து, தண்டுவட உறைக்கு வெளியே சீழ்க்கட்டியாகத் திரண்டால் தண்டுவடம் நசுங்குகிறது.

அறிகுறிகள்

இந்நோயை இனங்காண்பதில் உள்ள பெரிய இடர் கால இடைவெளியே. முள் இறங்கியபின் அல்லது எடுக்கப்பட்டபின் தொண்டைவலி தணிந்து, துளையும் மூடிக்கொள்ளலாம். சில நாட்களோ வாரங்களோ கழித்துக் கழுத்துவலி தொடங்கும்போது அது சுளுக்கு என்றோ எலும்புத் தேய்மானம் என்றோ கருதப்பட்டுவிடுகிறது. மருத்துவர் கேட்டாலன்றி, முள் சிக்கியதை நோயாளி சொல்வதில்லை. அவரே அதை மறந்திருப்பார். காய்ச்சல் எல்லோருக்கும் வருவதில்லை. ஓய்விலும் இரவிலும் குறையாத வலி, விழுங்குவதில் சிரமம், கைகளில் மரமரப்பு, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் அடைப்பு ஆகியவை தீவிர அறிகுறிகள்.

கண்டறிதலும் சிகிச்சையும்

சாதாரண எக்ஸ்-ரேயில் மீன்முள் பெரும்பாலும் தெரிவதில்லை. அது தெரியாததால் முள் இல்லை என்று முடிவுகட்ட இயலாது. முள்ளையும் துளையையும் காண சி.டி. ஸ்கேன் ஏற்றது. வட்டு, தண்டுவடம் ஆகியவற்றின் நிலையை எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டும். ஆனால் இரும்பு ஊசி உடலுக்குள் இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், அது நீங்கும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது.

சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ விழுங்கி முள்ளை இறக்கும் வழக்கம் தமிழ் வீடுகளில் பரவலாக உள்ளது. இது முள்ளை மேலும் ஆழமாகக் குத்தச் செய்யலாம். உணவுக்குழாயில் சிக்கிய கூர்பொருளை எண்டோஸ்கோப்பி மூலம் சில மணி நேரத்துக்குள் அகற்றுவதே முறையாகும்.

முதுகெலும்பில் தொற்று உறுதியானால் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் பொதுவாக ஆறு வாரங்களோ அதற்கு மேலோ தரப்படுகின்றன. தண்டுவடம் நசுங்கியிருந்தால் சீழை வெளியேற்ற அவசர அறுவை சிகிச்சை தேவை. கைகால்கள் முற்றிலும் முடங்கி ஒரு நாளுக்கு மேல் கடந்துவிட்டால் மீளும் வாய்ப்பு பெரிதும் குறைகிறது.

குழந்தைகள் விழுங்கும் பட்டன் பேட்டரி கூர்மையற்றது என்றாலும் இதே விளைவைத் தரக்கூடும். அது உணவுக்குழாய்ச் சுவரைக் காரத்தால் அரிக்கிறது. பேட்டரியை எடுத்துச் சில வாரங்கள் ஆனபின் குழந்தை கழுத்தைத் திருப்ப மறுத்தால் முதுகெலும்பையும் பரிசோதிக்க வேண்டும்.