நீர்வண்ணத்தில் நாட்டுப்புறத்தார்

ஆங்கிலச் சித்திரக் கலையில் தனிச் சிறப்பு வாய்ந்தது நீர்வண்ணம். அவ்வண்ணத்தால் நாட்டுப்புறத்து எளியோரைத் தீட்டிய வில்லியம் ஹென்றி பைன் (1769–1843) என்பாரின் பணியை ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

முதற்கண் கருவிகளை நோக்குவோம். கம்பர்லாந்தில் பரோடேல் என்னுமிடத்து அகழ்ந்தெடுத்த கரிப்பொருள் நல்ல பென்சில்களைத் தந்தது. ரீவ்ஸ் சகோதரர் நீர்வண்ணத்தைச் சிறு கட்டிகளாகச் செய்து, 1781-இல் கலைச் சங்கத்தாரின் பரிசு பெற்றனர். இவையெல்லாம் ஒரு பையில் அடங்கினமையால், ஓவியர் வயல்வெளிக்கே சென்று வரைதல் எளிதாயிற்று. உழைப்போர் ஓவியனுக்காகக் காத்து நில்லார். ஆதலின் உடலின் வளைவையும் சுமையின் சாய்வையும் பென்சிலால் விரைந்து குறித்துக்கொண்டு, பின்னர் வண்ணநீரை மெல்லெனப் பூசுவர். பூசாது விட்ட வெண்டாளே வெயிலாய் ஒளிரும்.

1804-இல் நீர்வண்ண ஓவியர் சங்கத்தை நிறுவினோருள் பைனும் ஒருவர். அப்பத்தாண்டில் அவர் வெளியிட்ட ‘மைக்ரோகாஸம்’ என்னும் நூலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு உருவக் கூட்டங்கள் உள. உழுவோர், கதிரடிப்போர், மரம் வெட்டுவோர், மீன்பிடிப்போர் முதலாயினோரை அவற்றுட் காணலாம். இயற்கைக் காட்சி வரைவோர் தம் படங்களுக்கு அணியாக எடுத்தாளும்பொருட்டே அவை வெளியிடப்பட்டன. ஆயினும் ஏரின் அமைப்பும், வண்டியின் உறுப்பும், கருவியைப் பற்றும் கையும் செம்மையாய் வரையப்பட்டிருத்தலின், அணியாக எண்ணிய அவ்வுருவங்கள் இன்று சரித்திரச் சான்றாயின.

ஆனால் அவ்வழகிய தாள்கள் சொல்லாதனவும் உண்டு. அக்காலத்தே பொதுநிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியுடைமையாகி வந்தன. 1801-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் எளிதாக்கிற்று. அறுவடைக்குப்பின் சிந்திய கதிர் பொறுக்கும் மகளிர் அந்நாட்டு ஓவியங்களில் அடிக்கடி தோன்றுவர். மோசேயின் நியாயப்பிரமாணம் எளியோர்க்கு அளித்ததும், போவாஸின் வயலில் ரூத் துய்த்ததுமான உரிமை அது. சட்டப்படி அவ்வுரிமை எவர்க்கும் இல்லையென 1788-இல் இங்கிலாந்தின் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. வழக்கம் பல ஊர்களில் நீடித்ததேனும், அஃது உடையவனின் இரக்கத்தைச் சார்ந்ததாயிற்று.

பைனின் உருவங்களுக்கு ‘உழுவோர்’, ‘மரம் வெட்டுவோர்’ என்று தொழிற்பெயர் உண்டேயன்றி இயற்பெயர் இல்லை. ஆதலின் இத்தகைய படங்களைக் காணுங்கால், நிறத்தின் நயத்தை வியப்பதோடு நாம் அமையலாகாது. குனிந்த முதுகு எதைச் சுமக்கின்றது, அந்நிலம் யாருடையது என்றும் வினவுதல் வேண்டும். அங்ஙனம் வினவுதற்கு வேண்டிய அளவு உண்மையாக அவ்வோவியர் வரைந்து வைத்தமைக்கு நாம் நன்றியுடையோம்.