45 வயதில் ஓய்வு: கட்டுரைக்குள் கொஞ்சம் கணக்கு



"இளம் வயதிலேயே பணி ஓய்வு பெற விரும்புவது சரியா?" இந்தத் தலைப்பை உயர்நிலை நான்கு வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கட்டுரைகள் திருக்குறளின் 'பொருள் செயல்வகை' அதிகாரத்தைச் சொல்லித் தொடங்கும். நடுவில் சேமிப்பின் அவசியம் பற்றி மூன்று பத்தி. கடைசியில் "எனவே நாம் அனைவரும் சேமிப்போமாக." மொத்தக் கட்டுரையிலும் ஓர் எண்கூட இருக்காது. என் வகுப்பிலும் அப்படித்தான் வந்தது.

ஒரு மாணவன் மட்டும் எழுதாமல் உட்கார்ந்திருந்தான். தெம்பனிஸில் வசிப்பவன். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "எங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் 45 வயசுல ரிட்டையர் ஆகணும்னு சேர்க்கிறாங்க டீச்சர். அதுக்காக இப்போ ராத்திரி ஒன்பது மணிக்கு முன்னாடி யாரும் வீட்டுக்கு வர்றதில்ல. அவங்க ரிட்டையர் ஆகும்போது நான் என்எஸ்-ல இருப்பேன்" என்றான். இதைத்தான் எழுதணும் என்று சொன்னேன். "கணக்கு தெரியாம எப்படி எழுதுறது?" என்று திருப்பிக் கேட்டான். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை அவனுக்காக எழுதியது.

முதலில் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் ஜோ டொமிங்குவெஸ், விக்கி ராபின் இருவரும் 1992இல் எழுதிய 'யுவர் மனி ஆர் யுவர் லைஃப்' என்ற நூல் இதற்கு ஒரு விதை. 1994இல் பில் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் பழைய பங்குச் சந்தை விவரங்களை எடுத்துக் கணக்குப் போட்டார். ஓய்வு பெற்ற முதல் ஆண்டில் சேமிப்பிலிருந்து 4 விழுக்காடு எடுத்து, பிறகு பணவீக்கத்துக்கு ஏற்ப அதை உயர்த்திக்கொண்டே போனாலும் பணம் 30 ஆண்டுக்குத் தாங்கும் என்பது அவர் கண்டது. இதைத் திருப்பிப் போட்டால், ஓராண்டுச் செலவைப்போல் 25 மடங்கு சேர்த்தால் போதும் என்று வரும். 'ஃபயர்' என்று இளையர்கள் சொல்வது இதைத்தான்.

இப்போது ஒரு கற்பனைத் தம்பதியை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது 35, மாதச் சம்பளம் ஆளுக்கு 10,000 வெள்ளி. மத்திய சேம நிதிக்கு ஊழியர் பங்கு 20 விழுக்காடு, முதலாளி பங்கு 17. ஆனால் 2026 ஜனவரி முதல் 8,000 வெள்ளிவரைதான் அந்தக் கணக்கு. ஆகவே ஆளுக்கு 1,600 பிடிப்பார்கள். வருமான வரியும் போக, இருவர் கைக்கும் சேர்த்து மாதம் சுமார் 15,800 வெள்ளி வரும்.

அவர்கள் மாதம் 6,000 செலவு செய்தால் மீதம் 9,800. ஆண்டுச் செலவு 72,000. அதை 25ஆல் பெருக்கினால் இலக்கு 18 லட்சம் வெள்ளி. பணவீக்கம் போக முதலீடு 3 விழுக்காடு வளர்ந்தால் ஏறக்குறைய 13 ஆண்டில் சேர்ந்துவிடும். 5 விழுக்காடு வளர்ந்தால் 12 ஆண்டுக்குள். ஒரு காசுகூட வளராவிட்டாலும் 15 ஆண்டுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். முதலீட்டில் கெட்டிக்காரராக இருப்பதற்கும் ஒன்றுமே தெரியாமல் இருப்பதற்கும் வித்தியாசம் மூன்று, நான்கு ஆண்டுகள்தான். இதே தம்பதி மாதம் 10,000 செலவு செய்தால் என்ன ஆகும்? மீதம் 5,800. இலக்கோ 30 லட்சமாகிவிடும். அதே 3 விழுக்காட்டில் 28 ஆண்டு. செலவு இரண்டு பக்கமும் வெட்டுகிறது: சேமிப்பைக் குறைக்கிறது, சேர்க்கவேண்டிய தொகையையும் கூட்டுகிறது. மாணவர்களுக்கு இது கரும்பலகையில் போட்டுக் காட்டினால்தான் புரிகிறது. எனக்கே அப்படித்தான் புரிந்தது.

அடுத்தது, சிங்கப்பூருக்கே உரிய சிக்கல். 1955 ஜூலை 1இல் தொடங்கிய மத்திய சேம நிதி, முதுமைக்கென்று பூட்டிவைத்த பணம். 55 வயதில் ஓய்வுக்காலக் கணக்குக்கு ஒரு தொகையை ஒதுக்கியபின் மிஞ்சுவதை எடுக்கலாம். இந்த ஆண்டு 55 வயதாகிறவர்களுக்கு முழு ஓய்வுக்காலத் தொகை 220,400 வெள்ளி. மாதாந்தர வழங்கீடு தொடங்கும் வயது 65. ஆக 45இல் வேலையை விட்டவர், முதல் பத்தாண்டை மசேநிதி இல்லாமலேயே ஓட்டியாக வேண்டும். வரிச்சலுகைக்காக எஸ்ஆர்எஸ் கணக்கில் ஆண்டுக்கு 15,300 வெள்ளிவரை போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். சட்டப்படியான ஓய்வு வயதுக்கு முன்பே எடுத்தால் 5 விழுக்காடு அபராதம், முழுத் தொகைக்கும் வரி.

எனவே இவர்களுக்கு இரண்டு பைகள் தேவை. ஒன்று, நினைத்தபோது எடுக்கக்கூடிய பை. சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம், வைப்புத்தொகை, ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டு நிதி போன்றவை இதில் வரும். மற்றொன்று மசேநிதி. நம்மூரில் பிரபலமான '1எம்65' என்ற முயற்சி இந்த இரண்டாவது பையைப் பற்றியது. லூ செங் சுவான் என்பவர் பரப்பியது. கணவனும் மனைவியும் சேர்ந்து 65 வயதில் மசேநிதியில் பத்து லட்சம் வெள்ளி வைத்திருக்கலாம் என்பது அதன் சாரம். கூட்டு வட்டியைச் சரிபார்க்கலாம்: 30 வயதில் ஆளுக்கு 130,000 வெள்ளி இருந்து, 4 விழுக்காட்டில் 35 ஆண்டு வளர்ந்தால் ஆளுக்கு ஏறத்தாழ 513,000. கணக்கு சரிதான்.

ஆனால் அந்த 4 விழுக்காடு சிறப்புக் கணக்குக்கு உரியது. சாதாரணக் கணக்கில் 2.5தான். பணத்தை அங்கிருந்து இங்கே மாற்றிவிட்டால் திரும்ப மாற்ற முடியாது, வீட்டுக் கடனுக்கும் எடுக்க முடியாது. குடும்ப வருமானம் 20,000 என்றால் புது வீவக வீட்டுக்கான வருமான வரம்பைத் தாண்டியாயிற்று (அது 2019இல் 14,000ஆக உயர்த்தப்பட்டது). மறுவிற்பனை வீடுதான், அல்லது தனியார் வீடு. தெம்பனிஸில் எம்ஆர்டிக்குப் பக்கத்தில் மறுவிற்பனை வீடு விசாரித்தவர்களுக்கு நான் மேலே ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கடனைச் சாதாரணக் கணக்கிலிருந்து கட்டிக்கொண்டே, அதே பணத்தைச் சிறப்புக் கணக்குக்கும் மாற்ற முடியுமா? மேலும், 2025 ஜனவரி முதல் 55 வயது ஆனவர்களுக்குச் சிறப்புக் கணக்கு மூடப்படுகிறது. ஓய்வுக்காலக் கணக்கில் வைப்பதற்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. அதற்கு மேல் உள்ளது 2.5க்கு இறங்கிவிடும். அன்றைய திட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. விதி மாறும் என்பதையும் சேர்த்துத்தான் முப்பது ஆண்டுத் திட்டம் போட வேண்டும்.

4 விழுக்காட்டு விதிக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அது அமெரிக்கச் சந்தையை வைத்து, 30 ஆண்டுக்குப் போட்டது. 45இல் நிறுத்தி 90வரை வாழ்ந்தால் 45 ஆண்டு. 2008இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீடு ஒரே ஆண்டில் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. அந்த ஆண்டுதான் ஒருவர் வேலையை விட்டார் என்றால், விலை விழுந்த பங்கை விற்றுத்தான் அரிசி வாங்கியிருக்க வேண்டும். அதனால்தான் பலர் 25 மடங்குக்குப் பதிலாக 30 மடங்கு, 33 மடங்கு என்று வைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம், மறைப்பானேன். இரண்டு சம்பளம், ஒரு வீட்டுக் கடன், இரு பக்கத்துப் பெற்றோருக்கும் மாதாமாதம் கொடுப்பது. 45 எங்களுக்கு வரவில்லை. 60க்குப் பக்கத்தில் வந்தது. பெற்றோருக்குக் கொடுப்பதை நிறுத்தினால் இன்னும் சில ஆண்டு குறையும் என்று எண் சொன்னது. அந்த வரியை நாங்கள் இருவரும் பார்த்தோம், பேசவில்லை. மேற்கத்திய நூல்கள் போடும் செலவுப் பட்டியலில் இந்த வரி அநேகமாக இருப்பதில்லை. உங்கள் கட்டுரையில் இருக்கட்டும். தமிழ்ப் பிள்ளை எழுதியது என்று அதில்தான் தெரியும்.

மொழி பற்றி இரண்டு வார்த்தை. "இன்வெஸ்ட் பண்றாங்க" என்பது வாய்மொழித் தேர்விலும் வேண்டாம். "முதலீடு செய்கிறார்கள்" என்று தாராளமாகச் சொல்லலாம். 'சேமிப்பு', 'முதலீடு' இரண்டும் ஒன்றல்ல, மாற்றி மாற்றிப் போடாதீர்கள். 'செயலற்ற வருமானம்' என்று சிலர் எழுதுகிறார்கள். வருமானம் எப்படிச் செயலற்றுப் போகும்? வட்டி, வாடகை, ஈவுத்தொகை என்று எதுவோ அதைப் பெயர் சொல்லி எழுதினால் தெளிவாக இருக்கும். தேர்வில் ஒன்றிரண்டு எண் போதும், ஆனால் சரியான எண்ணாக இருக்கணும். ஆசிரியர்கள் மேலே உள்ள 6,000, 10,000 கணக்கை மட்டும் எடுத்து, குழுவாகப் பிரித்து, செலவுப் பட்டியலை மாணவர்களையே எழுதச் சொல்லலாம். வாதம் தானாக வரும்.

அந்த மாணவன் அடுத்த வாரம் கட்டுரையைக் கொண்டுவந்தான். 6,000 வெள்ளிச் செலவுப் பட்டியலில் "வாரம் ஒருநாள் எல்லாரும் சேர்ந்து வெளியே சாப்பாடு, மாதம் 300" என்று ஒரு வரி சேர்த்திருந்தான். அதே 3 விழுக்காட்டில் நாங்கள் மறுபடியும் போட்டுப் பார்த்தோம். ஓய்வு சுமார் பத்து மாதம் தள்ளிப் போனது.

"பத்து மாசம்தானே டீச்சர்" என்றான். அதை அப்பாவிடம் காட்டினாயா என்று கேட்டேன். இன்னும் இல்லையாம். சனிக்கிழமை காட்டப்போவதாகச் சொன்னான்.