2 மாவட்டம், 4 எம்.எல்.ஏ., எல்லாரும் ஆளுந்தரப்பு: பெரம்பலூர், அரியலூருக்கு இது பலமா, பலவீனமா?

தமிழ்நாடு சட்டப்பேரவையில் மொத்தம் 234 இடங்கள். அதில் பெரம்பலூர், அரியலூர் ரெண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து வெறும் 4 தொகுதிகள்தான். சென்னை மாவட்டத்துக்கு மட்டும் 16. மேலவை 1986-லேயே கலைக்கப்பட்டுவிட்டதால், இந்த மாவட்டங்களுக்காக மாநில அளவில் பேச வேறு அவையும் கிடையாது. அப்போ இந்த 4 பேர் யார், எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பது ரொம்ப முக்கியம்.

2021-ல் ஜெயித்தவர்கள் யார்?

• பெரம்பலூர் (தனி): ம.பிரபாகரன், தி.மு.க.
• குன்னம்: சா.சி.சிவசங்கர், தி.மு.க.
• அரியலூர்: கு.சின்னப்பா, ம.தி.மு.க. (உதயசூரியன் சின்னத்தில்)
• ஜெயங்கொண்டம்: க.சொ.க.கண்ணன், தி.மு.க.

பெரம்பலூரில் வித்தியாசம் சுமார் 31,000 வாக்குகள். மற்ற மூன்றிலும் கடும் போட்டி. குன்னத்தில் 6,000 சொச்சம், ஜெயங்கொண்டத்தில் 5,000 சொச்சம், அரியலூரில் 3,000 சொச்சம்தான்.

சின்னப்பா எந்தக் கட்சி எம்.எல்.ஏ.?

நிறைய பேருக்கு வரும் குழப்பம் இது. அவர் ம.தி.மு.க.காரர். ஆனால் உதயசூரியனில் நின்று ஜெயித்ததால், பேரவைக் கணக்கில் அவர் தி.மு.க. உறுப்பினராக இருந்தார். தி.மு.க. கொறடா உத்தரவு அவரையும் கட்டுப்படுத்தியது. அதை மீறி வாக்களித்திருந்தால், கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே போயிருக்கலாம்.

இதுக்கு முன்னாடி எப்படி இருந்தது?

2016-லும் இதே கதைதான், கட்சி மட்டும் வேறு. நாலு தொகுதியும் அ.தி.மு.க.வுக்குப் போனது. அரியலூரில் சுமார் 2,000 வாக்குகளில் ஜெயித்த தாமரை ராஜேந்திரன், பிறகு அரசு தலைமைக் கொறடா ஆனார். அன்று அவரிடம் தோற்றவர், 2021-ல் குன்னத்தில் ஜெயித்த அதே சிவசங்கர்!

2011 மட்டும் கலவை. பெரம்பலூரும் அரியலூரும் அ.தி.மு.க.வுக்கு, குன்னம் தி.மு.க.வுக்கு (அப்போதும் சிவசங்கர்தான்), ஜெயங்கொண்டம் பா.ம.க.வின் காடுவெட்டி குருவுக்கு. அதாவது ரெண்டு பேர் ஆளுங்கட்சி, ரெண்டு பேர் எதிர்வரிசை. ஆக, 2016-லும் 2021-லும் தேர்வானவர்களில் ஒருவர்கூட எதிர்க்கட்சி வரிசைக்குப் போகவில்லை.

ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.ன்னா நல்லதுதானே?

ஒரு வகையில் ஆமாம். அமைச்சரைப் பார்ப்பது சுலபம், கோப்பு நகரும். சிவசங்கரே அமைச்சரானார்: முதலில் பிற்படுத்தப்பட்டோர் நலன், 2022 மார்ச்சில் போக்குவரத்து, 2025 ஏப்ரலில் கூடுதலாக மின்சாரம். ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. அமைச்சர் அவையில் கேள்வி கேட்கிறவர் அல்ல, பதில் சொல்கிறவர். அதனால் நாலு பேரில் கேள்வி நேரத்தில் எழுந்து கேட்கக்கூடியவர்களாக இருந்தது மூன்று பேர்தான். அவர்களும் கேட்க வேண்டியிருந்தது சொந்த அரசை. சிமென்ட் ஆலை லாரிகளால் அரியலூர் சாலைகளில் வரும் ஆபத்தையோ, பெரம்பலூருக்கு இன்னும் வராத அரசு மருத்துவக் கல்லூரியையோ அவர்கள் எழுப்ப முடிந்தது. ஆனால், 'ஏன் செய்யவில்லை?' என்று அரசைக் குடைந்து கேட்பது எதிர்வரிசைக்கே உரிய வேலை. அந்த வரிசையில் இந்த மண்ணிலிருந்து ஒருவரும் இருக்கவில்லை.

எல்லாம் எம்.எல்.ஏ. கையில் இருக்கிறதா?

இல்லை. நீட் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போன அனிதாவின் ஊரான குழுமூர் இருப்பது அரியலூர் மாவட்டத்தில். வாக்களிப்பதோ குன்னம் தொகுதியில். நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பரில் பேரவையில் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரி 8-ல் மறுபடியும் நிறைவேறியது. கடைசியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் பேரவையிலேயே முதல்வர் அறிவித்தார். பேரவையில் எவ்வளவு பலம் இருந்தாலும் சில கதவுகள் டெல்லியில்தான் திறக்கணும்.

அங்கே யாரைக் கேட்பது என்பதிலும் ஒரு குழப்பம். பெரம்பலூர் தொகுதி மட்டும்தான் பெரம்பலூர் மக்களவைத் தொகுதியில் வரும். குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் மூன்றும் சிதம்பரத்தில். அதனால் குன்னத்துக்காரர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தாலும், அவருடைய எம்.பி. சிதம்பரம் எம்.பி.தான்.

வாக்காளர் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு எம்.எல்.ஏ.வுக்கும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. 2022-ல் ஒவ்வொரு எம்.எல்.ஏ.விடமும் தொகுதியின் 10 முக்கியக் கோரிக்கைகளை முதல்வர் கேட்டு வாங்கினார். அதே ஆண்டு ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையிலும் வந்தது. அதனால் ஓட்டு கேட்டு வருகிறவரிடம் மூணே மூணு கேள்வி போதும்: 3 கோடி எங்கே போச்சு? அந்த 10-ல் எத்தனை முடிஞ்சது? பேரவையில் நம்ம ஊருக்காக எத்தனை தடவை எழுந்தீங்க?

மூன்று தொகுதிகளில் முடிவைத் தீர்மானித்தது சில ஆயிரம் ஓட்டுகள். கேள்வி கேட்கிற வாக்காளர்கள் அந்த எண்ணிக்கையில் இருந்தாலே வேட்பாளர்கள் காது கொடுத்துத்தான் ஆகணும்.